குதித்தால் சந்தம் வந்துவிடாது

மன அழுத்தம் தரும் வேலையை உதறிவிட்டுக் கலைஞராவது இன்றைய படித்த நடுத்தர வர்க்கத்தின் பெருங்கனவுகளில் ஒன்று. தமிழ்நாட்டில் அந்தக் கனவுக்கு ஒரு முகவரியும் இருக்கிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருக்கும் திருவண்ணாமலைதான் அது. கணினி நிறுவனத்தில் பத்து ஆண்டு உழைத்தவர் ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். ரமணாசிரமத்தை ஒட்டிய தெருவில் வீடு பிடிக்கிறார். மலையைப் பார்த்தபடி வரைகிறார், எழுதுகிறார், புல்லாங்குழல் பழகுகிறார். இப்படி ஒருவரைப் பற்றிய செய்தி பத்திரிகைகளிலும் காணொளிகளிலும் அடிக்கடி வருகிறது. படிப்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். தங்களுக்குத் துணிச்சல் இல்லை என்று நொந்துகொள்கிறார்கள்.

இந்தக் கனவு மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. வேலைதான் கலையைக் கொல்கிறது என்பது ஒன்று. வேலை போய்விட்டால் உள்ளே அடைபட்டுக் கிடந்த கலை தானாகவே வெளியே வரும் என்பது இரண்டாவது. நடுவில் வேண்டியது துணிச்சல் மட்டுமே என்பது மூன்றாவது. இம்மூன்றும் தவறு. தவறு என்பதோடு நிற்காமல், இவை தீங்கும் செய்கின்றன. கலையின் கடினத்தை மறைக்கின்றன. அழுத்தத்தின் காரணத்தை மறைக்கின்றன. ஒருவர் வேலையை விட்டதன் விலையை வேறு யாரோ கொடுப்பதையும் மறைக்கின்றன. இதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலேயே அவை கிடக்கின்றன.

அருணகிரிநாதரிலிருந்து தொடங்குவதே முறை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரைப் பற்றி ஊர் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்தது. வாழ்க்கை சீரழிந்து, நோயும் வெறுப்பும் மிஞ்சிய நிலையில் அவர் அண்ணாமலையார் கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரத்தின் மேலேறிக் குதித்தார்; முருகன் தாங்கிப் பிடித்தான்; அந்த நொடியில் பாட்டு பிறந்தது. கோபுரத்தடியில் உள்ள கோபுரத்திளையனார் சந்நிதி அந்தக் கதையைச் சுமந்து நிற்கிறது. பழையதை முழுவதுமாக உதறி ஒரே தாவலில் கலைஞனாவது என்னும் எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய உருவகம் தமிழில் இல்லை. வேலையை விடத் துடிப்பவர்களுக்கு இந்தக் கதை இனிப்பதில் வியப்பில்லை.

ஆனால் கதையை நகர்த்திவிட்டுப் பாடல்களைப் பார்த்தால் காட்சி மாறுகிறது. அவர் பாடிய திருப்புகழ் சந்தப் பாடல். ஓரடியில் குறில் எங்கே, நெடில் எங்கே, வல்லொற்று எங்கே, மெல்லொற்று எங்கே என்று அமைந்துவிட்டால், பாடல் முழுவதும் அதே இடங்களில் அதே ஓசை திரும்ப வர வேண்டும். ஒரு மெல்லொற்றின் இடத்தில் வல்லொற்று வந்து விழுந்தால் தாளம் தடுக்கும். பாடுபவரின் நாக்கே தவறைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கட்டுக்குள் இராமாயணமும் பாரதமும் கந்தபுராணமும் வருகின்றன. வடசொல் தமிழோசைக்கு வளைகிறது. கடைசியில் ஒரு தலத்தின் பெயர் பிசகாமல் வந்து அமர்கிறது. இன்று கிடைப்பவை மட்டும் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். இத்தனை பாடல்களில் இத்தனை விதமான சந்தங்களைக் கையாண்டவர் யாப்பையும் தாளத்தையும் பல்லாண்டு பயின்றவராகத்தான் இருக்க முடியும். அருள் எங்கே வந்தது என்பது பக்தர்களின் விஷயம். ஆனால் கோபுர உச்சியிலிருந்து தரைக்கு வரும் நேரத்தில் சந்த இலக்கணம் யாருக்கும் கைவராது. தொன்மம் ஒரு நொடியைக் கொண்டாடுகிறது. பாடலோ அதற்கு முந்தைய உழைப்பைக் காட்டுகிறது.

இதைவிட முக்கியமான இன்னொரு உண்மை உண்டு. அந்தப் பாடல்கள் இன்று நம் கையில் இருப்பது வேலையை விடாத இருவரால். வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை (1846-1909) ஆங்கிலேய அரசின் நீதித் துறையில் எழுத்தராகத் தொடங்கி மாவட்ட முன்சீப் ஆனவர். 1871இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவர் பணியாற்றியபோது ஒரு வழக்கில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடல் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பாடலின் அழகில் மனம் பறிகொடுத்த பிள்ளை, சிதறிக் கிடந்த ஏடுகளைத் தேடத் தொடங்கினார். அலுவலக நேரம் போக மீந்த நேரம்தான் அவருக்கு. ஏடுகள் வாங்கி, ஒப்பிட்டு, படியெடுத்து, 1890களில் முதல் பாகத்தையும் அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம் பாகத்தையும் அச்சேற்றினார். ஏறக்குறைய முப்பது ஆண்டு உழைப்பு அது.

அவருடைய மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை (1883-1971) பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்தவர். பணி ஓய்வு பெறும் வரை அந்தத் துறையை விடவில்லை. ‘அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும்’, திருப்புகழுக்கான உரை, தேவாரத்துக்கு எழுதிய ஒளிநெறித் தொகுப்புகள் எல்லாம் அவர் தந்தவை. பத்திரங்களின் விவரங்களை வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் துறையில் வேலை பார்த்தவர் ஆயிரக்கணக்கான பாடல்களின் பொருள்களை வரிசைப்படுத்திக் கொடுத்தார் என்றால், அலுவலகப் பழக்கம் அவரது தமிழ்ப் பணிக்குக் குறுக்கே நின்றது என்று சொல்ல முடியாது. அது துணை நின்றிருக்கிறது. அருணகிரிநாதரை நேசிப்பவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது இந்தத் தந்தையையும் மகனையும் நினைக்க வேண்டும். குதித்தவரின் பாட்டைக் காப்பாற்றியது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் பொறுமை.

அடுத்து ரமண மகரிஷி. வேலையை விட்டுத் திருவண்ணாமலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அவர் பெயரைச் சொல்லியே வருகிறார்கள். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து சேர்ந்தவர் அவர். 1950 ஏப்ரல் 14இல் மறையும் வரை இந்த ஊரை விட்டு நகரவில்லை. ஆனால் அவரிடம் வந்து, உத்தியோகத்தை விட்டுவிடலாமா, வீட்டைத் துறந்துவிடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை பதிவாகியிருக்கிறது. ஒருமுறை இருமுறை அல்ல, பலமுறை. வேலை தடையில்லை, நான் வேலை செய்கிறேன் என்ற எண்ணமே தடை. வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. தம் வழியைப் பிறர் மேல் அவர் திணிக்கவில்லை. அவரைத் தேடி இந்த ஊருக்கு வருபவர்கள் அவர் சொன்ன இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் கடந்துபோகிறார்கள்.

அவரே உழைக்காமல் இருந்தவரும் அல்லர். பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், இலை தைத்தார், பழைய நோட்டுகளுக்குக் கட்டடம் போட்டார், அச்சுக்குப் போகும் படிகளைத் திருத்தினார். அவருடைய பாடல்களில் மிகப் புகழ்பெற்ற ‘அருணாசல அக்ஷரமணமாலை’ எப்படிப் பிறந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. விரூபாக்ஷ குகையில் அவரோடு இருந்த அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். அப்போது தங்களுக்கென்று பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காக எழுந்தது அந்த மாலை. வயிற்றுப்பாட்டின் தேவையிலிருந்து விலகி நின்று பிறந்ததன்று. அந்தத் தேவைக்கு நடுவிலேயே பிறந்தது.

வேலையை விட்டு ரமணரிடம் வந்து கவி பாடியவர்கள் உண்டே என்று எதிர்ப்பக்கத்தார் கேட்கலாம். உண்டு. வருவாய்த் துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை அலுவல் நிமித்தம் திருவண்ணாமலைக்கு வந்தபோதுதான் 1902இல் ரமணரைச் சந்தித்தார், ‘நான் யார்?’ என்ற நூலாகப் பின்னாளில் வந்த கேள்விகள் அவர் கேட்டவை. அவர் வேலையை விட்டது 1910இல்தான். ஆக, அந்த மாபெரும் கேள்விகளைக் கேட்டபோது அவர் அரசு ஊழியர். முகவை முருகனாரின் கதை இன்னும் தெளிவானது. சுப்பிரமணிய ஐயர் என்ற இயற்பெயருடைய அவர் சென்னையில் பள்ளித் தமிழாசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணியில் பங்கு கொண்டவர். காந்தியப் பற்றோடு தேசியப் பாடல்கள் எழுதியவர். 1923இல் முதன்முறை ரமணரைக் கண்டார். மூன்றாண்டு கழித்து 1926இல் வேலையை விட்டு இங்கேயே தங்கினார். ‘ரமண சந்நிதி முறை’, ‘குருவாசகக் கோவை’ எனத் தொடங்கி, 1973இல் மறையும் வரை அவர் பாடிய செய்யுட்கள் இருபதாயிரத்துக்கு மேல். வேலையை விட்டதால் அவர் கவிஞரானார் என்று சொல்வது காலவரிசையையே புரட்டுவது. யாப்பு கைவந்த பண்டிதர் ஒருவர் வந்தார். வந்தபோது கையோடு கொண்டுவந்த தமிழைச் செலவழித்தார். அவர் குடும்ப வாழ்வு அந்த முடிவோடு முறிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு பால் கோகன். பாரிஸ் பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர் எல்லாவற்றையும் உதறித் தீவுக்குப் போய் மாபெரும் ஓவியரானார் என்று கதை நடக்கிறது. 1919இல் வந்த சாமர்செட் மாமின் ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’ நாவல் அதற்கு இறக்கை கட்டியது. நடந்தது வேறு. வேலையில் இருந்தபோதே அவர் ஓவியர் பிசாரோவிடம் பயின்று, 1879 முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் படம் வைத்தவர். 1882இல் சந்தை சரிந்து பிழைப்பு ஆட்டம் கண்ட பிறகே முழுநேர ஓவியரானார். ஐந்து பிள்ளைகளோடு மனைவி மெட்டே கோபன்ஹேகனில் பிரெஞ்சு கற்றுக் கொடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். அவரைப் பற்றி யாரும் நாவல் எழுதிக் கொண்டாடவில்லை.

தமிழ்நாட்டு ஓவிய உலகிலும் இதே வரிசைதான். கே.சி.எஸ். பணிக்கர் தந்தித் துறை வேலையை விட்டு 1936இல் சென்னைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் பதினேழு வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் படம் வைத்தவர் அவர். வேலையை விட்டு அவர் போன இடம் மலையடிவாரம் அல்ல, ஒரு பள்ளிக்கூடம். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கீழ் ஒழுங்காகப் படித்தார். பிறகு அதே பள்ளியில் ஆசிரியராகி முதல்வரானார். ஓவியர்கள் எதைக் கொண்டு வாழ்வது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதன் விடையாக 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அந்த நிலம் எப்படி வாங்கப்பட்டது என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஓவியர்கள் கூட்டாகச் சேர்ந்து பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வந்தது. உருக்கிய மெழுகைத் துணியில் இட்டு, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கி, மறுபடி இட்டு, மறுபடி முக்கி என்று கை வலிக்கச் செய்யும் வேலை அது. அந்த வேலையால் அவர்கள் ஓவியம் சாகவில்லை. அதன் தயவில் யாருக்கும் கையேந்தாமல் வரைய முடிந்தது. வேலையும் கலையும் பகை என்று சொல்பவர்கள் இந்தியாவின் பேர்பெற்ற ஓவியர் கிராமம் எதன் மேல் கட்டப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான சாட்சி அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்து, முப்பத்தைந்து வயதில் அதை விட்டு, இனி எழுத்துதான் என்று நின்றவர். நின்றும் காட்டினார்; தமிழ் உரைநடையின் உச்சங்களில் அவர் ஒருவர். ஆனால் அவர் விட்டு வந்த அலுவலகத்தை அவர் எழுத்திலிருந்து பிடுங்கி எறிந்தால் என்ன மிஞ்சும்? ‘கரைந்த நிழல்கள்’ நாவல் ஸ்டூடியோ உலகத்தின் கதை. ‘புலிக்கலைஞன்’ சிறுகதையில் ஒரு சினிமா அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருகிறான் புலிவேஷக்காரன். உணவு இடைவேளை நேரத்தில், மேசைகளுக்கு நடுவே, வறுமையில் ஒடுங்கிய அந்த உடம்பு புலியாக மாறுகிறது. அலுவலகச் சலிப்பை உள்ளே இருந்து அறிந்தவரால்தான் அந்த நிமிடத்தை அப்படி எழுத முடியும். பதினான்கு ஆண்டுச் சம்பள வேலை அவருக்குப் பாழான காலமாகவில்லை. அது அவருடைய கச்சாப்பொருள். வேலையை விடுவதற்கு முன்பே கதை வெளியிட்டுக் கை பழகியவர் அவர். விட்ட பிறகும் ஓய்வு வரவில்லை. பற்றாக்குறையும், பத்திரிகைப் பணியும், வீட்டில் இடமில்லாமல் தியாகராய நகர்ப் பூங்காவில் உட்கார்ந்து எழுதிய நாட்களும் வந்தன. அவருடைய துணிச்சலைப் போற்றலாம். ஆனால் அதை அழுத்தத்துக்கு மருந்தாக எழுதித் தருவது அவர் பட்ட பாட்டுக்குச் செய்யும் அநீதி.

கு.ப. ராஜகோபாலன் தாலுகா அலுவலக வேலையை விட்டது கனவுக்காக அல்ல, கண்பார்வை மங்கியதால். பின் எழுத்தை நம்பி வாழ்ந்து 1944இல் இறந்தார். முழுநேரம் எழுத்தோடும் பத்திரிகையோடும் கிடந்த புதுமைப்பித்தன் காசநோயில் 1948இல் போனார். இருவருக்கும் வயது 42. இவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகும், மாதச் சம்பளம் கலைக்கு எதிரி என்று சொல்ல ஒருவருக்கு மனம் வரக்கூடாது. வானொலியில் இருந்த தி. ஜானகிராமன், வங்கியில் இருந்த லா.ச. ராமாமிர்தமும் வண்ணதாசனும், துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி, விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்த நாஞ்சில் நாடன், கூட்டுறவுத் துறையில் இருந்த பூமணி என்று நீளும் வரிசைதான் நவீன தமிழ் இலக்கியத்தின் முதுகெலும்பு. திருவண்ணாமலையிலேயே பவா செல்லதுரை மின்வாரிய ஊழியராக இருந்துகொண்டே கதைகள் எழுதினார். அந்த ஊரின் இலக்கியக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்தார். இவர்களில் யாரும் அரைக் கலைஞர்கள் இல்லை.

யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை இந்தச் செய்திகள் கேட்பதே இல்லை. ராஜினாமா செய்தவர் மாதா மாதம் எதில் வாழ்கிறார்? சேமிப்பு இருக்கலாம், சென்னையில் வாடகைக்கு விட்ட அடுக்குமாடி வீடு இருக்கலாம், மனைவியின் சம்பளம் இருக்கலாம், தகப்பனாரின் ஓய்வூதியம் இருக்கலாம். இவற்றில் ஏதும் தவறில்லை. அதைச் சொல்லாமல் துணிச்சலை மட்டும் சொல்வதுதான் தவறு. கல்விக் கடன் கட்டும் இளைஞன், தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பவன், தன் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுப் பெண் ஆகியோருக்கு அந்தச் செய்தி சொல்வது ஒன்றே: உனக்குத் தைரியமில்லை. பொருளாதார நிலையை ஒரு மனக்குறையாக மாற்றிக் காட்டும் அநியாயம் இது. பெண்களுக்கு இதன் பொருள் இன்னும் கசப்பு. வீட்டு வேலைக்கு ராஜினாமா கிடையாது. கவிஞர் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் குளியலறையில் எழுதியதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் எதை விட்டுவிட்டு எழுத வந்தார்? எதையும் விட முடியாத இடத்தில்தான் அந்தக் கவிதைகள் எழுந்தன.

ஊரும் ஒரு விலை கொடுக்கிறது. கார்த்திகை தீபம் முதல் பங்குனி வரை வெளிநாட்டாரும் வெளியூராரும் வந்து நிறையும் மாதங்களில் ஆசிரமத்தைச் சுற்றிய பகுதிகளில் வாடகை ஏறுகிறது. நகரச் சேமிப்போடு வருபவர் தருவதை உள்ளூர்க் கூலிக்காரரால் தர முடிவதில்லை. படம் விற்கிற காலமும் அந்தச் சில மாதங்கள்தான். வெயில் ஏறியதும் வாங்குபவர்கள் போய்விடுகிறார்கள். மலையையும் ரமணரையும் வரைந்த படங்களே அதிகம் கேட்கப்படுவதால், சுதந்திரத்துக்காக வந்தவர் கடைக்காரர் கேட்டதை வரைய வேண்டியிருக்கிறது. மேலாளரின் இடத்தில் வாடிக்கையாளர் வந்து அமர்கிறார்.

கலை என்பது ஓய்வு, அழுத்தத்தின் எதிர்ப்பதம் என்ற எண்ணம்தான் இவற்றுக்கெல்லாம் வேர். அந்த எண்ணத்தைப் போக்க இந்த மாவட்டத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. செய்யாறு பக்கம் உள்ள புரிசை, தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து வளர்த்த கிராமம். கண்ணப்பத் தம்பிரான் அங்கே கூத்தின் பேராசான், கூத்துப்பட்டறை ந. முத்துசாமி உள்ளிட்ட நவீன நாடகக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் மகன் கண்ணப்ப சம்பந்தன் காலத்தில் மார்க்வெஸின் கதை கூட கூத்தாகியது. அந்தக் கலைஞர்கள் நிலமும் கூத்தும் சேர்ந்தே வாழ்ந்தவர்கள். பருவத்தில் ஆட்டம், மற்ற மாதங்களில் வயல். எதை விட்டுவிட்டு எதற்கு வருவது என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்ததில்லை.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் ஒரு கூத்துக்காரரின் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்கிறார். அதே பகுதி இரவில் ஆட்டமாக வர வேண்டும். சாயங்காலம் வேஷக்காரர்கள் தரையில் உட்கார்ந்து, கையகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தாங்களே முகத்தில் அரிதாரம் பூசி வண்ணம் தீட்டுகிறார்கள். பிறகு கட்டை கட்டுவது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். தளர்ந்தால் ஆட்டத்தில் சரியும். அதனால் மூச்சு முட்ட இறுக்குகிறார்கள். காலில் சலங்கை. இரவு பத்து மணிவாக்கில் கைத்திரைக்குப் பின்னிருந்து துரியோதனனோ கர்ணனோ குரல் கொடுத்தால், விடியும் வரை சொந்தக் குரலில் பாடி, பேசி, சுழன்று ஆட வேண்டும். மத்தளக்காரரும் முகவீணைக்காரரும் கை ஓயக்கூடாது. காலையில் வேஷம் கலைத்து, சிறிது உறங்கி, அடுத்த இரவுக்கு மறுபடியும். விழாவை முடித்துவைக்கும் படுகளம் வரை இப்படியே. குரல் போனால் கூலி போகும். மழை வந்தால் ஆட்டம் போகும். பருவம் முடிந்தால் கூத்து வருமானமே போகும். இதைவிட அழுத்தம் தரும் தொழில் எத்தனை? கலையை அழுத்தத்திலிருந்து தப்பும் வழியாக நினைப்பவர்கள் ஓர் இரவு முழுவதும் களரியோரம் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இனி அந்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் கணினி முன் அமர்த்தப்படுகிறார். நள்ளிரவில் அமெரிக்காவோடு பேச வைக்கப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமையும் கைப்பேசி விடுவதில்லை. அவர் நோயுறுவதற்குக் காரணம் அவருக்குள் அடைபட்ட ஓவியன் இல்லை, வேலை நேரம். அது தொழிலாளர் பிரச்சினை. தொழிலாளர் பிரச்சினையாகவே தீர்க்கப்பட வேண்டியது. சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய காலத்திலிருந்து எட்டு மணி நேரக் கோரிக்கைக்கு இந்த மண்ணில் வரலாறு உண்டு. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கலைக்கு அந்த எதிர்ப்பு செய்த நன்மை, ஆயிரம் தனித்தனி ராஜினாமாக்கள் செய்ய முடியாதது. கணினி நிறுவன ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்பதை 2016இலேயே மாநில அரசு தெளிவுபடுத்திவிட்டது. திறமையும் சேமிப்பும் உள்ளவர் ஒவ்வொருவராக மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிட்டால், அவர் நாற்காலியில் இன்னொருவர் அமர்ந்து அதே பன்னிரண்டு மணி நேரத்தைச் சுமப்பார். தப்பித்தவரின் கதை பத்திரிகையில் வரும். தங்கியவரின் நிலை மாறாது.

உடம்பும் மனமும் உடையும் அளவுக்குப் போன வேலையை விடத்தான் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அது உயிர் காக்க எடுக்கும் முடிவு. அதற்கு ஓவியம், கவிதை என்று காரணம் தேட வேண்டியதில்லை. உடைந்த மனிதர் ஒருவருக்கு ஓய்வு வேண்டும், மருத்துவம் வேண்டும், உற்றார் துணை வேண்டும். அவர் கையில் தூரிகையைக் கொடுத்து, ஓராண்டுக்குள் கண்காட்சி வைத்து ராஜினாமாவை நியாயப்படுத்து என்று நிற்கவைப்பது இன்னொரு இலக்கை அவர் தலையில் ஏற்றுவது. படம் விற்காதபோது அவர் இரண்டாம் முறை தோற்றதாக உணர்வார்.

வேலை பார்க்கும் மனிதர் கலை கற்க வேண்டுமானால் அதற்கு வழி இருக்க வேண்டும். சண்டையை நடத்த வேண்டிய இடம் அதுதான். திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் போன்றவை கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அது பள்ளி வயதினரையும் இளைஞர்களையும் மனதில் வைத்து அமைந்தது. சேர வயது வரம்பு உண்டு. முப்பத்தைந்து வயதில் தவில் கற்க ஆசைப்படும் பேருந்து நடத்துநருக்கோ, வங்கி எழுத்தருக்கோ, சிப்காட் தொழிலாளிக்கோ அந்த வகுப்பில் இடமில்லை. கலை பண்பாட்டுத் துறை அண்மை ஆண்டுகளில் பகுதி நேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களைத் தொடங்கியது சரியான திசையில் ஓர் அடி. அது ஒவ்வொரு வட்டத்துக்கும் பரவ வேண்டும். வகுப்புகள் அலுவலகம் விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் நடக்க வேண்டும். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இதே ஏற்பாடு வேண்டும். கற்பிக்கும் இடத்தில் புரிசை போன்ற ஊர்களின் கூத்துக் கலைஞர்கள் மாதச் சம்பளத்தோடு அமர்த்தப்பட வேண்டும். ஆட்டமில்லாத மாதங்களிலும் அவர்களுக்கு அடுப்பெரியும்.